கடல் பார்த்த அறை

நிவெஸ்,
நவம்பரில் எனக்கு நான்கு நாள் விடுப்பு.
பிறர் தேர்ந்தெடுத்த ஊரில்
பிறர் தேர்ந்தெடுத்த கட்டில்களுக்கு
ஒன்பது மாதம் விரிப்பு மாற்றியவள்
இந்த முறை நானே ஓர் ஊரைச் சொல்ல வேண்டும்.
வாய் வரவில்லை.

அவர்கள் எப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்?
மொந்தெரோஸோவா வெர்னாட்ஸாவா என்று
புருஷனும் பெண்டாட்டியும் குளிர்காலம் முழுக்கச் சண்டைபோட்டு
வந்து இறங்கிய அன்றே
ஷவரில் வெந்நீர் இல்லை என்று அழுகிறார்கள்.
மூன்றாம் மாடி அறையில் கடல் தெரியும் என்று
கனேப்பா அம்மாள் எழுதியிருப்பது பொய்யில்லை.
கழிப்பறை மூடிமேல் ஏறி நின்றால்
கைக்குட்டை அகலத்துக்குத் தெரியும்.
அந்த மூடியில் எத்தனை பாதங்களைத் துடைத்திருப்போம்
நீயும் நானும்.

செவ்வாய்க்கிழமை காலை
இரண்டு செட் துணி, பாதி சலாமியோடு
வடக்கே போகும் பாசஞ்சரில் ஏறினேன்.
உனக்குத் தெரியுமே அந்தப் பாதை:
குகை, ஒரு கண்சிமிட்டல் கடல், மறுபடி குகை.
சீட்டுக் கலைப்பவன்
ஒரே ஒரு சீட்டைக் காட்டி மறைப்பதுபோல
ஊர்கள்.

போனஸ்ஸோலாவில்
மிதிபடகுகளை அடுக்கி ஒருவன் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தான்.
ஒரு கடைக்கதவும் திறந்திருக்கவில்லை.
ஃபிரமுராவில் ஸ்டேஷன் கடலோரம், ஊர் மலையின் நெற்றியில்.
ஏறுவாயா என்று முழங்காலைக் கேட்டேன்,
அது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.
மொனேலியாவில் ஓர் ஆள் இருக்கிறான்.
அதை உன்னிடம் சொல்ல மாட்டேன்.
செஸ்திரிக்கு இரண்டு வளைகுடா, இரண்டு கரை.
ஊரைத் தேர்ந்தெடுத்த பிறகு
கரையை வேறு தேர்ந்தெடுக்க வேண்டுமாம்.
உட்கார்ந்தே இருந்தேன்.
அப்புறம் தூங்கிப்போனேன்.

எழுப்பிய பரிசோதகரின் மூக்குக்கண்ணாடி
ஒரு பக்கம் நூலால் கட்டியிருந்தது.
உன் டிக்கெட் கியாவரி வரைதானே என்றார்.
என் கைகளைப் பார்த்தார், பிளீச்சிங் தின்ற விரல்களை.
அபராதச் சீட்டை மூடிவிட்டு
அடுத்தது கமோலி, இறங்கிவிடு என்றார்.

அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன், நிவெஸ்.

ஆறு மாடி, ஏழு மாடி வீடுகள்
தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன இங்கே.
பழக்கதோஷம், ஜன்னல்களை எண்ண ஆரம்பித்தேன்:
இத்தனை கண்ணாடி, இவ்வளவு வினிகர்,
இத்தனை பழைய செய்தித்தாள்.
இரண்டாம் வரிசையில்தான் கவனித்தேன்,
பாதி ஜன்னல்கள் ஓவியம்!
சட்டம், தாழ்ப்பாள், கதவு விழுத்தும் நிழல்
எல்லாம் தூரிகை வேலை.
ஒன்றில் பூனைகூட இருந்தது.
நடுத்தெருவில் நின்று தனியாகச் சிரித்தேன்,
மீன் வாங்க வந்தவர்கள் விலகிப் போனார்கள்.

அறை வாடகைக்கு விடுபவர் எர்மீனியோ,
கப்பலில் சமையல்காரராக இருந்தவராம்.
சந்துப் பக்கம் ஜன்னல் வைத்த அறை அறுபத்தைந்து யூரோ.
இன்னொன்று இருக்கிறது, முப்பது,
கடல் பக்கம்தான், ஜன்னலும் உண்டு,
ஆனால் (இருமினார்)
வெளியே மட்டும்.

உள்ளே வெறும் சுவர்.
எந்தச் சுவர் என்று கேட்டேன்.
தொட்டுக் காட்டினார்.
கட்டிலின் தலைமாட்டை இருவருமாக அங்கே நகர்த்தினோம்.

இரவெல்லாம் கடல் கல்லில் மோதுவதைச்
சுண்ணாம்பு வழியாகக் காதில் வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறேன்.
பார்க்க ஒன்றுமில்லை,
துடைக்கவும்.
காலையில் படுக்கையைச் சரிசெய்யவில்லை.
சரி, ஒரு மூலையை மட்டும் இழுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை உன்னால் வர முடிந்தால்
கடற்கரையில் நின்று மேலே பார்.
நான்காம் மாடி, இடமிருந்து மூன்றாவது,
பச்சைக் கதவு பாதி திறந்த ஜன்னல்.
வரைந்த நாளிலிருந்து அதை யாரும் மூடியதில்லை.
மணி ஒன்பதாகியும்
அதற்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருப்பேன்.
கூப்பிடாதே.
கையை மட்டும் ஆட்டு.