அசையாதீர்கள்

எண்ணெயை நாங்கள் நிறுத்தியதாலா?
நுரை படிந்த உதட்டோடு கேட்கிறார் வெண்டல்,
பழைய கப்பற்படைக்காரர்.
மஞ்சூரியாவை விழுங்கியவன்
ஏப்பமாவது விட்டானா?

தோல்வாரில் கத்தியைத் தீட்டுகிறாள் ஷிசுனோ.
பிறந்தது இதே ஹிலோவில்,
கரும்புத் தோட்டத்து ஏழாம் லயத்தில்.
இருந்தும் இந்த நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கெல்லாம்
அவள்தான் டோக்கியோ.

பழைய இரும்பு விற்றது யார், என்கிறாள்.
சான் பெட்ரோ துறைமுகத்தில்
என் அண்ணன்தான் ஏற்றிவிட்டான்
கப்பல் கப்பலாக,
தண்டவாளம், அடுப்பு, அச்சு முறிந்த டிராக்டர்.
அதில் எது திரும்பி வந்து
உங்கள் தளத்தில் விழுந்ததோ.

விற்றது வியாபாரம் அம்மா.

நிறுத்தியது?

காத்திருக்கும் பஸ் டிரைவர் ஃபுர்ட்டாடோ
செய்தித்தாளை இறக்காமலே சொல்கிறார்:
வீம்பு. இரண்டு பக்கமும் வீம்பு.
எனக்கு நான்கு மணிக்கு வண்டி எடுக்கணும்.

அப்படியில்லை என்று வாயெடுக்கிறார் வெண்டல்.
இரண்டு விரலால் முகவாயைப் பற்றி
நிமிர்த்துகிறாள்.
குரல்வளை மேட்டில் கத்தி.

அசையாதீர்கள்.

மேலே விசிறி சுற்றுகிறது.
சொல்ல வைத்திருந்த காரணமெல்லாம்
எச்சிலாகத் திரண்டு நிற்கிறது,
விழுங்கினால்
மேடு அசையும்.