நான்கு லரி எழுபது தெத்ரி

ருஸ்தாவி நகரில், எட்டாம் பிளாக்கின் முற்றத்துக்கு
வட்டாரத் தலைவர் மல்காஸ் வந்தபோது
மழை அப்போதுதான் விட்டிருந்தது.
பிளாஸ்டிக் நாற்காலிகளை முழங்கையால் துடைத்து
உட்கார்ந்தார்கள் சிலர்.
உட்காராதவர்கள்தான் அதிகம்.

குறிப்பெடுப்பது என் வேலை.
தாளில் நான்கு கட்டங்கள்:
பெயர், வீட்டு எண், குறை, எந்தத் துறை.

தண்ணீர் காலை ஆறு மணிக்கு வந்து
எட்டு மணிக்குள் போய்விடுகிறது.
காதில் மஞ்சள் வில்லை குத்திய நாய் கடிக்காது என்றீர்கள்,
வில்லை இருந்த நாய்தான் கடித்தது
என்று கால்சட்டையைத் தூக்கிக் காட்டினார்
தபால்காரர் ஓத்தார்.
பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை போட்டீர்கள், நன்றி,
பேருந்தையே நிறுத்திவிட்டீர்கள்.

மல்காஸ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.
கெட்டவர் இல்லை.
‘ஆவன செய்யப்படும்’ என்பதை
ஏழு விதமாகச் சொல்லத் தெரிந்தவர்.
ஐந்தாவது விதத்தில் இருந்தார்,
மேலிருந்து ஒரு கூடை இறங்கியது.

ஒன்பதாம் மாடி. கயிறு ஆடவில்லை.
காயும் போர்வைகளைத் தொடாமல்,
டிஷ் ஆன்டெனாவை உரசாமல்,
அவர் மார்புக்கு நேரே வந்து நின்றது.
உருக்காலையில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவள்
என்றார் பின்னாலிருந்து ஒருவர்,
தன் வீட்டு ஆளைச் சொல்வதுபோல.

கூடைக்குள் ஒரு தாள்.

நாசிப்ரோலா, வீட்டு எண் முப்பத்தாறு.
ஜனவரியிலிருந்து லிஃப்ட் வேலை செய்யவில்லை.
அதிலுள்ள காசுப்பெட்டி வேலை செய்கிறது.
பத்துப் பத்துத் தெத்ரியாக நாற்பத்தேழு முறை போட்டேன்.
கதவு மூடும், திறக்கும்,
ஒன்பதாம் மாடியிலேயே நிற்பேன்.
ஆக நான்கு லரி எழுபது தெத்ரி.
லிஃப்டைப் பற்றி இப்போது பேசவில்லை.
காசைத் திருப்பிக் கொடுங்கள்.

முற்றமே சிரித்தது. மல்காஸும் சிரித்தார்.
பர்ஸைத் திறந்து ஐந்து லரி நோட்டை மடித்து வைத்து
அண்ணாந்து சொன்னார்:
‘மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்!’

கூடை ஏறியது.
மூன்றாம் வாசல்காரர் சாக்கடை மூடியைப் பற்றிப் பேசினார்.
எழுதிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை,
எல்லோர் கழுத்தும் மேலே திரும்பியிருந்தது.

கூடை இறங்கியது.
அதே நோட்டு, அதே மடிப்பு.
தாளில் இன்னும் இரண்டு வரி:
இது உங்கள் சட்டைப்பையிலிருந்து வந்தது.
நான் கேட்டது நகரத்திடம்.

எல்லோரும் அமைதியானார்கள் என்று எழுதினால் பொய்.
ஓத்தார் மறுபடி சிரித்தார், இருமும் வரை.
மல்காஸின் காதுதான் சிவந்துவிட்டது.
நோட்டை எந்தப் பையில் திரும்ப வைப்பது என்று தெரியாமல்
கூட்டம் முடியும்வரை
விரலிடுக்கிலேயே வைத்திருந்தார்.

கணக்குப் பிரிவுக்கு ஃபோன் போட்டேன்.
வாங்குவதற்குக் குறியீடு இருக்கிறது,
திருப்பித் தருவதற்கு இல்லை என்றார்கள்.
நான்காம் கட்டம் காலி.
மனுவில் கையெழுத்தும் இல்லை.
‘ஏறிப்போய் வாங்கிவா’ என்றார் மல்காஸ்,
என் முகத்தைப் பார்க்காமல்.

படிகளில் பூனை மூத்திர வாடை, வறுத்த வெங்காய வாடை.
இரண்டாம் மாடியில் விளக்கு இல்லை.
நான்கில் ஒரு சைக்கிளைக் கம்பியோடு சங்கிலி போட்டிருந்தார்கள்.
ஐந்தாம் மாடித் திருப்பத்தில் ஒரு முக்காலி,
அதன்மேல் பழைய கம்பளித் துண்டு,
பலர் உட்கார்ந்து நடுவில் பள்ளம் விழுந்தது.
எந்தத் துறையும் போட்டதல்ல.
உட்கார்ந்தேன்.
குறை என்ற கட்டத்தில் லிஃப்ட் என்று எழுதி,
அடித்து,
காசு என்று எழுதினேன்.

மேலே ஒரு கதவு திறந்தது.
‘மூச்சு வாங்கிக்கொண்டு வா,
இன்னும் நாலு மாடிதான்’ என்றது ஒரு குரல்,
கீழே இரும்பு இரைந்துகொண்டிருந்தாலும் கேட்கும்படி
பேசிப் பழகிய குரல்.

பிறகு கேட்டது:
‘பேனா இருக்கிறதா,
அதையும் நான்தான் தரவேண்டுமா?’