போட்டது, இருப்பது

சனிக்கிழமை. தார்த்து நகரில் மைனஸ் பத்தொன்பது.
வெளியே தெருவும் உள்ளே உறைபெட்டியும்
ஏறக்குறைய ஒரே எண்.
கட்டடத்தில் நானும் காற்றோட்ட மோட்டாரும் மட்டும்.
திங்கட்கிழமைக்குப் பஃபர் கலக்குகிறேன்.

ட்ரிஸ், உப்பு, கொஞ்சம் கிளிசரால்.
இவை பொறுமைசாலிகள்.
லிட்டர் கணக்கில் கலக்கி, வடிகட்டி வைத்தால்
மாதக்கணக்கில் அலட்டிக்கொள்ளாது.
ட்ரிஸ் மட்டும் இடத்துக்கு ஒரு பேச்சு:
மேசையில் எட்டு என்றது
குளிரறையில் எட்டரையைத் தாண்டிவிடும்.
ஆகவே குளிரறைக்கே போய் அளக்கிறேன்,
கையுறைக்குள் விரல் மரத்துப்போக.

பி.எம்.எஸ்.எஃப். ஓர் ஆசாமி.
ஆல்கஹாலில் இருக்கும்வரை நிதானம்.
தண்ணீர் பட்டால்
மணி நேரத்துக்குள் பாதி ஆள் காலி.

டி.டி.டி.யின் கதை வேறு.
அழுகிய முட்டை வாடை அடிக்கும் வெள்ளைத் தூள்.
கரைந்ததும் காற்றோடு பேச ஆரம்பிக்கும்,
பேசப் பேசத் தீர்ந்துபோகும்.
தீர்ந்த பிறகும் நீர் தெளிவாகவே இருக்கும்.
வாடைகூடக் கொஞ்சம் மிச்சமிருக்கும்,
ஆளில்லாத வீட்டில்
அணைக்க மறந்த விளக்கு மாதிரி.

நவம்பரில் ரைவோவின் புரதம்
மூன்று வாரம் பால்போல் திரிந்தது.
டி.டி.டி. போட்டாயா என்று கேட்டேன்.
போட்டேன் என்றான்.
மறுபடியும் கேட்டேன்.
மறுபடியும் போட்டேன் என்றான், இன்னும் சத்தமாக.
சாயங்காலம் ஒரே பேருந்தில்
தனித்தனி இருக்கையில் வீடு போனோம்.

அவன் பொய் சொல்லவில்லை.
திங்கட்கிழமை போட்டான்.
வெள்ளிக்கிழமைவரை அதே பாட்டில்.
நான் கேட்டிருக்க வேண்டியது
போட்டாயா என்றல்ல,
இருக்கிறதா என்று.
அதை ஆய்வகத்தில் மட்டும்
கேட்டிருக்க வேண்டியதில்லை.

ஜனவரியில் அவன் ஓலுவுக்குப் போய்விட்டான்.
அங்கே நல்ல வேலை. குளிர் இன்னும் அதிகம்.

இப்போது தூளை நிறுத்து,
ஐஸ் மேல் வைத்த நீரில் கரைத்து,
கட்டைவிரல் நகமளவுக் குப்பிகளில் பிரிக்கிறேன்.
ஒரு குப்பி, ஒரு நாள். மிஞ்சினால் கொட்ட வேண்டும்.
பெரிய பாட்டிலில் எழுதி ஒட்டுகிறேன்:
டி.டி.டி. இதில் இல்லை.
தேவைப்படும் அன்றைக்குச் சேர்க்கவும்.

இடம் பண்ணக் கீழ்த்தட்டைத் துழாவினால்
பின்னால் ஒரு அரை லிட்டர்.
நவம்பர் பதினான்கு என்று தேதி.
அவனுடைய சாய்ந்த கையெழுத்து:
"ஹெல்யு, போட்டாச்சு."

மூடியைத் திறந்து முகர்ந்தேன்.
லேசாக அடித்தது.
கழிவுக் கேனில் ஊற்றி,
மூன்று தடவை அலசிக்
கவிழ்த்து வைத்தேன்.
ஒட்டியிருந்த தாள் மட்டும்
வெந்நீருக்கும் அசையவில்லை.