கலப்படம்

பிஷ்கெக்கின் வடக்கோரம், டோர்டோய் சந்தையில்
சுவர் எழுப்பிக் கட்டிய கடைகள் குறைவு.
கடல் கடந்து வந்த இரும்புப் பெட்டிகள்தாம்,
ஒன்றின் தலையில் ஒன்று.
கீழ்ப்பெட்டி கடை, மேற்பெட்டி கிடங்கு.
கடலே இல்லாத நாட்டில்
இத்தனை கலங்கள் தரைதட்டி நிற்கின்றன.

அப்படி ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து
காலியானவற்றை விற்கிறாள் பெர்மெட்.
"உள்ளே என்ன இருக்கிறது?" என்று
இவளிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஊறுகாய்க்கு மூன்று லிட்டர் சீசா.
குதிரைப்பால் புளிக்கவைக்க வாயகன்ற கேன்.
சிறுநீர்ப் பரிசோதனைக்கு மஞ்சள் மூடி டப்பா;
அதில் ஒன்றைத் திருப்பித்தர வந்தாள் ஒருத்தி,
மாமனாருக்கு இனித் தேவைப்படாதாம்.
பெர்மெட் காசைக் கொடுத்துவிட்டாள்.
டப்பாவை மறுபடி அலமாரியில் வைக்க மனம் வராமல்
உதிர்ந்த பொத்தான்களைப் போட்டு வைத்தாள்.

ஜனவரி. வெளியே மைனஸ் இருபது.
உள்ளே இன்னும் இரண்டு குறைவு.
இரும்பு இரவை அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

நரின் மலையிலிருந்து எல்டியார் வந்தான்,
மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவன்.
முழங்கால் உயர அலுமினியக் குடுவை ஒன்றைக்
கழுத்தைப் பிடித்துத் தூக்கி வந்து வைத்தான்.
அதன் தோள் முழுக்க வெண்பனி பூத்திருந்தது.
"அழகாயிருக்கே" என்றாள்.
"அதுதான் சாவு" என்றான்.

குடுவைக்குள் திரவ நைட்ரஜன்.
அதில் முங்கிய கிண்ணம், கிண்ணத்தில்
ஈர்க்குச்சி பருமனில் குழல்கள்.
குழலுக்குக் கால் மில்லி.
கால் மில்லியில் இரண்டு கோடி.
என் மொழியில் கப்பலும் கலம், பானையும் கலம்,
பன்னிரண்டு மரக்கால் நெல்லும் கலம்,
யாழ்ப்பாணத்துப் பாடப்புத்தகத்தில் உயிரின் அணுவும் கலம்.
இவை வால் முளைத்த கலங்கள்,
பிறக்காத கன்றை மடித்து வைத்துக்கொண்டு
அசையாமல் கிடந்தன.

"குளிரைக் காப்பது அலுமினியம் இல்லை.
இரண்டு சுவர், நடுவில் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைக்குத்தான் இத்தனை விலை.
போன வாரம் பனியில் குதிரை சறுக்கியது,
கழுத்தில் மயிரிழை வெடிப்பு.
உள்ளே இருந்தது சொட்டுக்கூட வெளியே வரவில்லை.
வெளியே இருந்தது நடுவில் புகுந்துவிட்டது."

பதினான்கு வருடமாக வெறுமை விற்றவளுக்கு
வெறுமையிலும் கலப்படம் உண்டென்று
அன்றுதான் தெரிந்தது.
பாலில் தண்ணீர் கலந்ததைக் கேட்டவள் போல
முகம் சுருங்கியது.

"எவ்வளவு நேரம் தாங்கும்?"
"சாயங்காலம்வரை. அதுவும் சந்தேகம்."

ஏணி போட்டு மேற்பெட்டிக்கு ஏறினாள்.
கல்யாணச் சமையல்காரர்கள் சூப் கொண்டுபோகும்
எஃகுக் குடுவையோடு இறங்கினாள்.
அது இரட்டைச் சுவர், அடிபடாதது.
மூடியைத் திருகப் போன கையை அவன் தட்டிவிட்டான்.
"இறுக்கினால் வெடிக்கும்.
கொதித்துக்கொண்டே இருக்கும் அது,
மூச்சுவிட வழி வேண்டும்."

தன் பூட்ஸிலிருந்து கம்பளி அட்டையை உருவி
வட்டமாக வெட்டி வாயில் செருகினாள்.
ஊற்றும்போது எஃகு கிறீச்சிட்டது.
புகை தரையில் வழிந்து
அடுத்த கடை காலணிகளுக்குள் புகுந்தது.
ஆறு காளைகள் சூப் குடுவைக்குள் இறங்கின.

நைட்ரஜன் மூச்சு முட்டவைக்கும் என்பதால்
டாக்சியின் நான்கு கண்ணாடியையும் இறக்கி,
மைனஸ் இருபதில்,
ஓட்டுநர் ஆத்தா அப்பனை இழுத்துத் திட்டத் திட்ட
நகரத்தின் மறுகோடிக் கால்நடைப் பண்ணைக்குப் போனான்.
அவசரத்தில் காசு கொடுக்கவில்லை.

டிசம்பரில் போன் வந்தது.
"முப்பத்தொரு கன்று."
"குழல் நூற்றுக்குமேல் இருந்ததே?"
"மீதி..." என்றான். அந்தப் பக்கம் காற்று இரைந்தது.
சூப் குடுவைக் காசை அவள் ஞாபகப்படுத்தினாள்.
லைன் சரியில்லை என்றான்.

வெடித்த குடுவை கடைவாசலிலேயே நிற்கிறது.
ஒருநாள் அதில் தேநீர் ஊற்றிப் பார்த்தாள்.
எந்தச் சட்டியிலும் ஆறுகிற மாதிரி ஆறிப்போயிற்று.

நேற்று ஒரு பையன் அதைத் தட்டிப் பார்த்து
"உள்ளே என்ன இருக்கு?" என்றான்.

"காற்று" என்றாள் பெர்மெட்.
"அதுதான் கோளாறு."