நாற்காலியை நகர்த்துதல்

டாண்டினாங் பாலர் பள்ளியில்
மணல்தொட்டியை ஒட்டி என் நாற்காலி.
நீல பிளாஸ்டிக், நான்கு வயதுக்காரர் உயரம்,
முழங்கால் முகவாயில் இடிக்கும்.
அதில் உட்காரத்தான் எனக்குச் சம்பளம்.

மர்ஸியாவுக்கு வலக்கை நான்.
இடக்கையும் நான்.
அவள் நடைவண்டி
(படிவத்தில் அதற்கு நீளமான வேறு பெயர்)
மணலில் புதையுமுன்னே தூக்கிவிடுவேன்,
மூக்கு ஒழுகுமுன்னே துடைத்துவிடுவேன்.

"மர்ஸியா விளையாட வருவாளா?"
அகோல் என்னைத்தான் கேட்பாள்.
வருவாள் என்பேன்.
"அவளுக்கு எந்த வாளி?"
லாக்லன் என்னைத்தான் கேட்பான்.
மஞ்சள் என்பேன்.
மர்ஸியா எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்ப்பாள்,
தன்னைப் பற்றிய வானிலை அறிக்கை கேட்பவள்போல.

தொப்பி இல்லாதவருக்கு வெளியே விளையாட்டில்லை,
இந்த நாட்டு வேதம் அது.
தொப்பிகளை எண்ணிக்கொண்டே பெத்தனி சொன்னாள்:
"நன்றாகப் பார்த்துக்கொள்கிறாய்.
கொஞ்சம் தள்ளியிருந்து பார்த்துக்கொள்."

அன்றிரவு சோறு இறங்கவில்லை.
விழுந்தால் யார் பதில் சொல்வது, நீயா?
என்று அடுப்பங்கரையில் பெத்தனியோடு சண்டை போட்டேன்,
அவள் இல்லாமலே.

திங்களன்று ஓரடி தள்ளினேன்.
மறுநாள் என்னை அறியாமல்
அரையடி திரும்பி வந்திருந்தேன்.
வியாழன் விழுந்தாள். வாயெல்லாம் மணல்.
நான் எழுவதற்குள் அகோல் ஓடிப்போய்,
தூக்கத் தெரியாமல்
பக்கத்தில் தானும் படுத்துக்கொண்டாள்.
இரண்டு பேரும் மேகம் பார்த்தார்கள்.
எனக்கு அங்கே வேலை இல்லை.

பொத்தான்களைச் சொல்ல மறந்துவிட்டேன்.
நடைவண்டியின் முன்தட்டில் இரண்டு:
பச்சையை அழுத்தினால் சம்மதம், சிவப்பில் மறுப்பு.
பேச்சுப் பயிற்சிக்காரி என் குரலில்தான் பதிந்தாள்.
"வெறும் நோ போதும்" என்றாள்.
மூன்று முறை முயன்றேன்.
மூன்று முறையும்
"நோ, தாங்க்யூ" என்றே வந்தது.
இருபது வருடமாக
அந்த வாலை வெட்டி இந்த ஊரில்
எதையும் நான் மறுத்ததில்லை.

அப்புறம் அந்தப் புதன்கிழமை.
லாக்லன் மஞ்சள் வாளியை எடுத்தான்.
"நோ, தாங்க்யூ" என்றது சிவப்பு.
அவன் வாளியை நிரப்பினான்.
நோ, தாங்க்யூ. நோ, தாங்க்யூ.
நன்றி சொல்பவருக்கு யார் பயப்படுவார்?
எட்டாவது தடவைக்குப் பிறகு
மண்வெட்டி உயர்ந்தது;
குறி தவறாமல் அவன் தோளில் இறங்கியது.
அவன் அவள் தொப்பியைப் பிடுங்கி எறிந்தான்.
இதுவரை யாரும் அவளிடமிருந்து
எதையும் பிடுங்கியதில்லை.
எல்லாரும் அவளுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தோம்.

நான் பாதி எழுந்துவிட்டேன்.
மர்ஸியா திரும்பி என்னைப் பார்த்தாள்.
பார்த்தபடியே சிவப்பை அழுத்தினாள்.
"நோ, தாங்க்யூ"
என்றது என் குரல்
என்னிடம்.

படிவம் நிரப்பினேன்.
நேரம் பத்து நாற்பது. குழந்தைகள் இருவர்.
காரணம்: வாளி. காயம் இல்லை.
"ஊழியர் என்ன செய்தார்?" என்ற கட்டத்தில்
"உட்கார்ந்தார்" என்று எழுதினேன்.

மாலையில் அவள் அம்மா
கைபேசியைப் படிவத்தின் மேல் பிடித்துத்
தன் மொழியில் படித்தாள்.
"அடித்தாளா? என் மகளா?"
முக்காட்டின் நுனியால் வாயை மூடிக்கொண்டாள்.
பிறகு கையெழுத்திட்டாள்,
பெரிதாக, கட்டத்துக்கு வெளியே போகும்படி.

சிவப்பிலிருந்து என் குரலை அழித்தாயிற்று.
சாமான் அறையில் அகோலை நிறுத்திப் பதிந்தோம்.
"நோ!" கடைசியில் ஒரு விக்கல்.
விக்கலும் சேர்ந்தே ஒலிக்கிறது.
ஆனாலும் லாக்லன் நின்றுவிடுகிறான்.

என் நாற்காலி இப்போது வேலியோரம்
பாட்டில்பிரஷ் மரத்தடியில்.
நேற்று அதன்மேல்
மஞ்சள் வாளியைக் கவிழ்த்து
மணல் கேக் வைத்திருந்தார்கள் மூவரும்.
நின்றுகொண்டிருக்கிறேன்.