கழித்தல் குறி விழுந்த இடம்

உம்லாசியிலிருந்து பள்ளிக்குப் போகும் டாக்ஸியில்
பதினைந்து இருக்கை, இருபது பேர்,
கடைசி இருக்கைக்கு அடியில் ஒலிபெருக்கி.
க்கோம் தாளம் முதலில் முதுகெலும்புக்கு வரும்,
காதுக்கு அப்புறம்தான்.
கட்டணத்தைக் கைமாற்றி முன்னால் அனுப்பும்போது
நாணயங்களும் அதே கதியில் குலுங்கும்.

லுவான்டிலே அங்கேதான் கட்டினான் அந்தப் பாட்டை.
முழங்காலில் நோட்டு,
நோட்டில் சிவப்பு மையில் நாற்பதுக்கு ஆறு.
கொஸ் என்றதும் அவனுக்கு இன்கோசி வந்தது.
எங்கள் மொழியில் அரசன்.
இரண்டு கோணங்கள் கூடும் கல்யாணத்தில்
அரசர்கள் இருவர் முதலில் வந்து
ஒருவர் தோளை ஒருவர் ஒட்டி உட்காருவார்கள்,
பின்னாலேயே சைன் சகோதரிகள்,
பிரியவே பிரியாத இருவர்.
நோலுதாண்டோ பல்லவிக்கு ஒரு கூச்சல் சேர்த்தாள்.
நான் ஜன்னல் கண்ணாடியில் விரல் முட்டியால் தட்டினேன்.
(இசையில் என் பங்கு எப்போதும் இவ்வளவுதான்.)

ஓட்டுநர் பெயர் பெக்கிசிசா,
உற்றுப் பார் என்று பொருள்.
அவர் எதையும் உற்றுப் பார்த்ததில்லை.
பாட்டை மட்டும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டார்.
ஒரே வாரத்தில்
சந்தைக்குக் கீரை மூட்டையோடு போகிறவர்கள்கூட
கூட்டுக் கோணத்தின் கொசைனை
வாய்க்குள் முணுமுணுத்தபடி இறங்கினார்கள்.

மார்ச் தேர்வு.
எழுபத்தைந்து பாகையின் கொசைன் என்ன?
எங்களுக்கா தெரியாது!
நாற்பத்தைந்தும் முப்பதும் கல்யாணத்துக்கு வந்தன,
அரசர்கள் உட்கார்ந்தார்கள், சகோதரிகள் உட்கார்ந்தார்கள்,
முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொரு பேர்
ஆறின் வர்க்கமூலத்துக்கும் இரண்டின் வர்க்கமூலத்துக்கும் நடுவில்
தடிமனாக, சந்தோஷமாக
ஒரு கூட்டல் குறி போட்டோம்.

காப்பி என்றார் மிஸ் ம்க்வனாசி.
முப்பத்தொரு விடைத்தாளையும் மேஜையில் விசிறிபோல் விரித்து
யாரிடமிருந்து யார் என்றார்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை, மிஸ்.
பிறகு எப்படி ஒரே தப்பு, ஒரே இடத்தில்?
லுவான்டிலேயின் காது மடல் சிவந்தது.
நோலுதாண்டோதான் மேஜை விளிம்பில் தட்டத் தொடங்கினாள்.
அரசர்கள் வந்தார்கள்.
மேஜைக்கு அடியில் மிஸ்ஸின் செருப்பு நுனி
அவருக்குத் தெரியாமல் ஆடத் தொடங்கியது.
சகோதரிகள் வந்தார்கள்.
செருப்பு நின்றது.

"கழித்தல் எங்கே?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"அது தாளத்தில் உட்காரல, மிஸ்."

அவர் சிரித்தாரா என்று இன்றுவரை எங்களுக்குள் தகராறு.
மதிப்பெண் என்னவோ மாறவில்லை.

மூன்று நாள் சண்டை போட்டோம்.
கழித்தலுக்கு ஒரு வார்த்தை போட்டால் அடி நீண்டது,
அரசர் ஒருவரைக் குறைத்தால் கணிதம் செத்தது.
நாலாம் நாள் டாக்ஸி பள்ளத்தில் விழுந்து எழுந்தபோது
ஒலிபெருக்கி ஒரு துடிப்பு விழுங்கிவிட்டது.
அந்த வெற்றிடத்தில், எரிச்சலில்,
லுவான்டிலே நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுத்தான்.
புட்டி மூடி தெறிப்பதுபோல் ஒரு சொடுக்கு.
எங்கள் மொழியில் அது ஓர் எழுத்து.
அன்றிலிருந்து அது ஒரு குறியும்.
அரசர்கள் வருவார்கள், முரசு நிற்கும்,
சொடுக்கு,
பிறகே சகோதரிகள்.

ஜூன் தேர்வு நாளில் நான் தாமதம்.
பெக்கிசிசாவின் டாக்ஸியில் பழைய பதிவே ஓடியது,
புதியதை ஏற்ற அவருக்கு நேரமில்லையாம்.
முழு வண்டியும் தவறாகப் பாடியது,
அழகாக, தொண்டை கிழிய,
கூட்டல் குறியோடு.
நான் வாயை இறுக மூடிக்கொண்டு
உரிய இடத்தில் மட்டும் நாக்கைச் சொடுக்கினேன்.
பக்கத்து இருக்கைப் பெரியம்மா
அவமதிக்கிறேன் என்று நினைத்து முறைத்தார்.

தேர்வு அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
இரண்டாம் பக்கம், நாலாம் கேள்வி.
முன் வரிசையில் ஒரு சொடுக்கு.
ஜன்னலோரம் ஒன்று.
பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக,
கூரைத் தகரத்தில் முதல் மழைத்துளிகள் விழுவதுபோல.
வெளியூர்க் கண்காணிப்பாளர் எழுந்து நின்று
மேலே பார்த்தார்.