வாங்கின விலை

ஓல்டன் நிலையத்தில், பன்னிரண்டாம் மேடையில்
ஒரு கல் நிற்கிறது.
பேர்னுக்கு எவ்வளவு, பாசலுக்கு எவ்வளவு என்று
முன்னொரு காலம் தண்டவாளத்தை அளக்கத் தொடங்கிய இடம்.
இரவு வேலையில் அதைச் சுற்றித்தான் கூட்டுகிறேன்:
சிகரெட் அடிக்கட்டை, கோப்பி மூடி,
யாரோ தவறவிட்ட ஒற்றைக் கையுறை.

என்னுடைய கல் வேறு.
எண்பத்து நாலு பிராங் இருபது சதம்.
ஹெல்வோனிக் பங்கு நூற்றிருபதை நான் வாங்கின விலை.
"செயற்கை மூளைக்குச் சில்லுச் செய்யிற கொம்பனி, அக்கா,
கண்ணை மூடிக்கொண்டு போடுங்கோ" என்றான் கீர்த்திகன்.
போட்டேன்.
கண்ணை மூடத்தான் முடியவில்லை.

எழுபத்தொன்று.
ஓடிக் களைத்தது, மூச்சு வாங்குகிறது என்றேன்.
அறுபது.
மலிவென்று இன்னும் எண்பது வாங்கி
கல்லை எழுபத்து நாலரைக்கு உருட்டிவந்தேன்.
அன்றைக்கு ஏதோ உழைத்தவள்போலத் தூங்கினேன்.

நாற்பத்தெட்டு.
ரயில் கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு
ரப்பர் உறையைக் கழற்றி
ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் போல.
ஏறும் என்று எழுதினவன் படித்தவன்.
இறங்கும் என்று எழுதினவன்
வாங்க வக்கில்லாதவன்.

முப்பத்தாறு.
நாற்பது மட்டும் வரட்டும், வித்துப்போட்டு
இந்தப் பக்கமே திரும்பமாட்டேன் என்று
செல்வச்சந்நிதியானுக்குச் சொன்னேன்.
ஒரு வியாழன் வந்தது. நாற்பத்தொன்று.
பிள்ளை எழும்பிவிட்டது, இனி நடக்கும்,
ஐம்பது வரட்டும் என்றேன்.
அவர் என்னதான் செய்வார்.

ஞாயிறு எனக்குப் பிடித்த கிழமை.
ஞாயிறு எதுவும் விழாது.
ஆரே ஆற்றுப் புகார்கூட
மரப்பாலத்தில் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும்.

"அந்தக் காசு கிடக்குத்தானே?"
சோற்றைப் பிசைந்தபடி கேட்டார் குகனேசன்.
"கிடக்கு."
பொய் இல்லை. விற்காதவரை கிடக்குத்தான்.
கிடந்த இடத்திலிருந்து எழும்புதில்லை,
அவ்வளவுதான்.

நவம்பரில் காருக்குக் குளிர்காலச் சில்லு நாலு
மாற்ற வேண்டி வந்தது.
முப்பத்தொன்றுப்படி இருபது பங்கு.
அறுநூற்று இருபது பிராங்.
சில்லை விற்றுச் சில்லு வாங்கினேன்.
கை நடுங்கவில்லை; எனக்கே ஆச்சரியம்.

மறுநாள் முப்பத்து நாலு பத்து.

எண்ணாயிரத்து எழுநூறு கரைந்தபோது
ஒரு சொட்டு விடாத கண்
அறுபத்திரண்டு பிராங்குக்கு
மேடையில் நின்று ஒழுகியது.
ரேத்தோ வாளியைக் கீழே வைத்தான்.
"யாரும் மோசம் போயிட்டினமோ?" என்ற மாதிரி
அவன் மொழியில் மெதுவாகக் கேட்டான்.
இல்லை என்றேன்.
வித்துப்போட்டன்.

அவனுக்கு விளங்கவில்லை.
தன் சட்டைப்பையிலிருந்து கடதாசி ஒன்று தந்தான்.
மூக்கைச் சிந்தி, கல்லடியில் எறிந்து,
பிறகு நானே கூட்டினேன்.